‘சரி’ என்பதற்கு ஆறு வரி

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அகராதி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக, பொதுமக்களுக்குப் போகிற ஆங்கிலக் கடிதம் எதுவும் அவர் கை படாமல் வெளியே போனதில்லை. மற்ற குமாஸ்தாக்கள் ‘ஸ்டார்ட்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் முகத்தைச் சுளித்து, அதை அடித்துவிட்டு ‘கமென்ஸ்’ என்று போடுவார். ‘எண்ட்’ என்றால் ‘டெர்மினேட்’. ‘ஹெல்ப்’ என்ற சொல்லைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்கும். ஒரே கடிதத்தில் ஒரு சொல் இரண்டு முறை வந்துவிட்டால், நேற்றுப் போட்ட சட்டையோடு இன்றும் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கடிதம் கிடைத்தவர்கள் மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு அவரிடமே வருவார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, குழாய் போட வருவாங்க, வீட்டுல ஆள் இருங்கன்னு எழுதியிருக்கு” என்பார். தானே முடிச்சுப் போட்டுத் தானே அவிழ்க்கிற இந்த வேலைக்கு அவர் வைத்திருந்த பெயர் மக்கள் சேவை. காலையில் மேசைக்கு முன்னால் பத்துப் பேர் நிற்காவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு தையல்காரர் மட்டும் வரவில்லை. அவருக்குப் போன கடிதத்தில் அகராதி தன் சரக்கு முழுவதையும் இறக்கியிருந்தார். குழாய் இணைப்பு தருகிறோம் என்பதுதான் விஷயம். அது ஆறு வரிக்கு நீண்டிருந்தது. தையல்காரர் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எட்டு மாதம் தெருமுனையில் வாளியோடு நின்றார். பிறகு மறுபடியும் மனு கொடுக்க வந்து, புதிதாக வந்திருந்த பெண் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தார்.

“இணைப்பு உண்டுன்னு அப்பவே எழுதியிருக்கே, நீங்க ஏன் வரல?” என்றார் அதிகாரி.

“இல்லைன்னு சொல்றவங்கதான் மேடம் இவ்வளவு மரியாதையா சொல்லுவாங்க.”

பக்கத்தில் நின்ற அகராதிக்குக் காது வரை சுட்டது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

தையல்காரர் போனதும் அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். “கஷ்டமான வார்த்தைக்கெல்லாம் எளிய வார்த்தை போட்டு ஒரு பட்டியல் குடுங்க சார். ஆளுக்கு ஒண்ணா மேசையில ஒட்டிடலாம். உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்ல.”

பட்டியல் வந்தால் வரிசை இருக்காது. வரிசை போனால் அந்த மேசைக்கு என்ன வேலை? இது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ‘உங்களை விட்டா ஆள் இல்ல’ என்று கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது.

வீட்டில் மனைவியை எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவள் பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு நின்றவள். “இது என்னங்க?” என்று அவள் கேட்டால் அந்தச் சொல் அவுட். ‘யுட்டிலைஸ்’ போய் ‘யூஸ்’ வந்தது. ‘என்டெவர்’ போய் ‘ட்ரை’ வந்தது. முதல் வாரம் வயிறு எரிந்தது. அப்புறம், சின்னச் சொல்லைத் தேடிப் பிடிக்கத்தான் அதிக மூளை வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆயிரத்து நூற்று நாற்பது சொற்களைக் கணக்குத் தீர்த்தார். வேலை அவ்வளவு சுத்தம்.

ஒரே மாதத்தில் கடிதங்கள் மூன்று வரிக்குச் சுருங்கின. மேசைக்கு முன்னால் ஈ, காக்கை இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. ஊர்க்கோடியில் இருக்கிற குழாய்க் கிடங்குக்கு மாற்றல்.

பேனாவை எடுத்து அந்த உத்தரவில் பிழை தேடினார். எல்லாம் அவர் பட்டியலில் இருந்த சின்னச் சொற்கள்; அடிக்க ஒன்று கிடைக்கவில்லை.

அன்று மாலை உத்தரவு உறையை மனைவியிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அவரிடம் கொடுத்து அர்த்தம் கேட்கிறவள், நின்ற நிலையிலேயே அதைப் படித்து முடித்தாள்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க” என்றாள்.

புரியவில்லை என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு இருந்தது.