கனடாவை ஸ்பீக்கரில் போட்ட நாள்

என் மகனின் ஞானஸ்நானத்துக்கு அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வருவதாகத்தான் பேச்சு. கடைசியில் அத்தான் மட்டும்தான் வந்தார். அக்காவுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஆள் போதாது என்று, கொடுத்த லீவைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். "என்ரை பங்குக்கும் பிள்ளையைக் கொஞ்சு" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. அக்காவின் குரலை எனக்குத் தெரியும். அழுகிற குரலல்ல அது. கையில் அகப்பட்டதைத் தூக்கி எறியப்போகிற குரல்.

அத்தான் அங்கே காப்புறுதி விற்கிறவர். அதோடு ஒரு கட்சிக்கு ஓடித் திரிகிறவர். அவர்களுடைய மாகாணத்து முதல்வருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்றை எங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். இத்தாலியில் நாங்கள் இருக்கிற பலெர்மோவுக்கு அவர் வந்த நேரம் கனடாவில் நடந்துகொண்டிருந்தது நாடு முழுவதற்குமான மத்திய தேர்தல். முதல்வர் அதில் போட்டியிடவில்லை. ஆனால் அத்தானின் தொகுதி வேட்பாளருக்குப் பக்கத்தில், அவர் போகிற ஒவ்வொரு இடத்திலும், முதல்வரும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்.

அத்தான் விமான நிலையத்திலேயே போனைக் காதில் வைத்தபடிதான் வெளியே வந்தார். பிரான்காச்சோவில் எங்கள் வீடு நாலாம் மாடி, இரண்டு அறை. வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போகிற கட்சிக்காரரோடு பல்கனியில் நின்று அவர் கதைத்தது குசினிக்குள் அப்படியே கேட்டது.

"கதவு திறக்கினமில்லையோ? அப்ப நோட்டீசைச் செருகிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கோ... அங்கையும் ஏசுகினமோ? முதல்வரையோ? எங்கடை ஆளையோ? ... சரி, சரி. வாய்காட்டாதேங்கோ."

உள்ளே வந்தவரிடம் என் கணவர் என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"சனம் விசர்க் கதை கதைக்குது. ஆஸ்பத்திரியிலை காக்க வைக்கினமாம், டொக்டர் இல்லையாம். அதெல்லாம் மாகாணத்தின்ரை அலுவல். மத்திய தேர்தலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப முதல்வர் ஏன் அத்தான் மத்திய தேர்தலுக்கு ஓடித் திரியிறார்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேத்தண்ணி போடு பாப்பம்" என்றார்.

இந்த மாதிரிப் பதில் எனக்குப் புதிதல்ல. பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தேர்தல் காலத்தில் ஆராவது வந்து தங்கள் ஆளின் படம் போட்ட சின்ன அட்டையைக் கையில் திணிப்பார்கள். எனக்கு வாக்கில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை ஒருவனிடம், எங்கள் பக்கத்துக்கு பஸ் ஏன் நினைத்த நேரத்துக்கு வருகிறது என்று கேட்டேன். "சிஞ்ஞோரா, அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வேறை இடத்திலை கேக்கோணும்" என்றான். அந்த வேறு இடத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நேரத்துக்கு வராத எங்கள் பஸ்ஸுக்கு உலகத்தில் ஒருத்தரும் பொறுப்பில்லை.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அத்தானின் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். மாமி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததென்று அக்கா சொல்லியிருந்தா.

"இப்ப வோக்கர் பிடிச்சு நடக்கிறா. ஆஸ்பத்திரியிலை ராசாத்தி மாதிரிப் பாத்தவை" என்றார் அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹோலில் சாப்பாடு. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் அத்தான்தான். வெள்ளைச் சட்டை போட்ட மகனை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆட்டிறைச்சிக் கறியும் ரோல்ஸும் நாங்கள் செய்தது. நான் வேலை செய்கிற வீட்டுக்கார சிஞ்ஞோரா ஒரு தட்டு நிறைய கன்னோலி இனிப்புக் கொண்டுவந்து தந்து, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனா. யாழ்ப்பாணம், மன்னார், தீவுப்பகுதி என்று எங்கள் சனம் ஹோல் நிறைய.

எல்லாரும் சாப்பிட்டு முடிகிற நேரத்தில் பாட்டு நின்றது. பார்த்தால் அத்தான் மைக்கோடு நிற்கிறார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நன்றியும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் கனடாவிலை ஆரோ ஒருத்தர் இருக்கினம். அண்ணை, தங்கச்சி, மருமகன். அங்கை இப்ப ஞாயிறு காலமை, எல்லாரும் வீட்டிலைதான். எனக்காக ஒரு கோல் எடுங்கோ. எங்கடை ஆளுக்கு வாக்குப் போடு, முதல்வர் பின்னாலை நிக்கிறார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நாங்கள் போய்த் தட்டினாக் கதவு திறக்கினமில்லை. நீங்கள் இத்தாலியிலை இருந்து எடுத்தால் மறுப்பினமோ?"

சனம் சிரித்தது. ஞானத்தகப்பன் கேட்கிறார், மறுக்கவும் முடியாது. பொலிதேயாமா பக்கம் கந்தோர்கள் துடைக்கிற மன்னார் அண்ணை ஒருவர்தான் முதலில் எடுத்தார். தன் தம்பிக்கு. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அத்தான் அந்தப் போனுக்குக் கிட்ட மைக்கைப் பிடித்தார்.

"ஆர்? அந்த முதல்வரோடை திரியிறவனுக்கோ?" என்றது தம்பியின் குரல். "அண்ணை, உங்களுக்கு இஞ்சத்தை நிலவரம் தெரியுமோ? சனி, ஞாயிறு எண்டா எங்கடை ஊர் ஆஸ்பத்திரியிலை எமேர்ஜென்சி பூட்டு. பிள்ளைக்கு வலிப்பு வந்து அடுத்த ரவுணுக்குக் கொண்டு ஓடினனாங்கள். வேறை அலுவல் இருந்தாக் கதையுங்கோ."

"ஒருத்தர் ரெண்டு பேர் அப்பிடித்தான்" என்றார் அத்தான்.

பல்லரோவுக்குக் கிட்ட மரக்கறிக் கடை வைத்திருக்கிற அன்ரி அடுத்ததாகத் தன் மகளுக்கு எடுத்தா. "அம்மா, ஆர் உங்களை இதைக் கேக்கச் சொன்னது? அந்தாள் வாற இடமெல்லாம் சனம் கூக்காட்டுது. ஞானஸ்நானத்துக்குப் போனாச் சாப்பிட்டிட்டு வாங்கோ" என்று மகள் போனை வைத்துவிட்டாள். ஹோல் முழுவதும் சிரிப்பு. ஒரு ஐயா தன் மருமகனுக்கு எடுத்தார். மருமகன் மரியாதையான பிள்ளை. ஒரு பெருமூச்சு விட்டு, "மாமா, போனமுறை மாகாணத் தேர்தலிலை நான் அவருக்குத்தான் போட்டனான். இனி அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்" என்றான்.

அதற்குப் பிறகு ஒருவரும் அத்தானுக்காகக் காத்திருக்கவில்லை. என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று மேசைக்கு மேசை போனை எடுத்தார்கள். கனடா முழுவதும் எங்கள் ஹோலுக்குள் வந்து நின்று ஏசுகிற மாதிரி இருந்தது. அத்தானின் முகம் கறுத்தது. மைக்கோடு நேரே என்னிடம் வந்தார்.

"நீ அக்காவுக்கு எடு. அவ சுகாதாரத் துறையிலை வேலை செய்யிறவ. அவ சொன்னா நம்புவினம். 'அத்தான் சொல்லுறவருக்குப் போடு அக்கா, முதல்வரை நம்பலாம்' எண்டு சொல்லு. அவ ஓம் எண்டுவா."

"கோல் எடுக்கிறன் அத்தான். ஆனா அப்பிடிச் சொல்லமாட்டன். என்ன நினைக்கிறியள் எண்டுதான் கேப்பன்."

"உனக்கென்ன அரசியல் தெரியும்? உனக்கு இஞ்சையும் வாக்கில்லை, அங்கையும் வாக்கில்லை."

மைக் அவர் கையில்தான் இருந்தது. அது ஹோல் முழுவதும் கேட்டது. போன்களில் கதைத்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அந்த ஹோலில் முக்கால்வாசிப் பேர் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சீவிக்கிறவர்கள். என் கணவர் மெல்ல என் கையைப் பிடித்து, "விடப்பா" என்றார். நான் விடவில்லை.

"ஓம் அத்தான், எனக்கு வாக்கில்லை. இஞ்சை இருக்கிற கனபேருக்கு இல்லை. வாக்கில்லாத எங்களைக் கொண்டுதானே இவ்வளவு நேரமும் வாக்குக் கேக்க வைச்சனீங்கள்? வாக்கில்லாட்டிலும் வாய் என்ரை. அதை உங்கடை முதல்வருக்கு வாடகைக்குத் தரமாட்டன்."

போனை எடுத்து அக்காவுக்கு வீடியோக் கோல் போட்டேன். அக்கா பஸ் தரிப்பிடத்தில் நின்றா, வேலைக்குப் போக. தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் திரையில் தெரிந்தன.

"அக்கா, ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். எல்லாரும் கேக்கினம். அத்தானும் பக்கத்திலை நிக்கிறார். முதல்வரின்ரை ஆளுக்கு வாக்குப் போடச் சொல்லி உங்களிட்டைக் கேக்கச் சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஒரு லொறி போகிற சத்தம் கேட்டது.

"அவரும் நிக்கிறாரோ? நல்லது. சத்தத்தைக் கூட்டு" என்றா. "மாமி விழுந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை கட்டில் இல்லை. விடியும்மட்டும் நடைபாதையிலை ஸ்ட்ரெச்சரிலை கிடந்தவா. சனம் போகுது, வருகுது. மாமி மூத்திரம் போறதுக்கு நான் என்ரை சால்வையை விரிச்சு மறைச்சுப் பிடிச்சனான். உன்ரை அத்தான் அந்த நேர்ஸ் பிள்ளையோடை சண்டை பிடிச்சவர். அது அழுதழுது சொல்லிச்சுது, என்னட்டைக் கத்தாதேங்கோ, முதல்வரிட்டைப் போய்க் கத்துங்கோ எண்டு. இவர் முதல்வரிட்டைப் போனவர்தான். போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர். அந்தப் படத்தைச் சுவரிலை இருந்து கழட்டினது நான்."

அத்தான் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். அக்காவுக்கு மைக் தேவைப்படவில்லை.

"முதல்வரின்ரை பேர் இந்த வாக்குச்சீட்டிலை இல்லையாம். எனக்கும் தெரியும். அவர் எங்கடை இல்லத்துக்கு ஒருநாளும் வரேல்லை, நாங்கள் போனா வாசலிலை மறிக்கினம். அவரை எங்கை வைச்சுக் கேக்கிறது? இப்ப அவர் தானாத் தேடிவந்து ஒருத்தனுக்குப் பக்கத்திலை நிக்கிறார். நிண்டா, அந்த ஒருத்தனுக்கு வாக்குப் போடாமல் விட்டு அந்தப் பக்கத்தாலையே கேப்பன். என்ரை வாக்கு என்ரை. பஸ் வருகுது தங்கச்சி, பிள்ளையைக் கெதியாய்க் காட்டு."

நான் போனை மகனின் பக்கம் திருப்பினேன். அக்கா அந்த அவசரத்திலும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினா. மரக்கறிக்கடை அன்ரி முதலில் கைதட்டினா. பிறகு பெண்கள் இருந்த மேசைகள் எல்லாம். அத்தான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் சொன்னார், "ஞானத்தகப்பனைச் சபையிலை வைச்சு அவமானப்படுத்திப்போட்டம்."

"அவமானம் எண்டால் என்னெண்டு மாமியைக் கேளுங்கோ" என்றேன். அவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். சனம் கதைத்தது. பொம்பிளை வாய் காட்டினவள் என்று ஒரு பகுதி, சரியாகத்தான் கேட்டவள் என்று இன்னொரு பகுதி. அடுத்த ஞாயிறு பூசைக்கு நான் முன்வரிசையில் போய் இருந்தேன்.

அத்தான் நின்ற மிச்ச நாட்களில் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் கையை விட்டு இறக்கவுமில்லை. இரண்டு அறை வீட்டில் கோபித்துக்கொண்டு இருப்பது லேசில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என் கணவரிடம் கேட்டு, அவர் என்னிடம் கேட்டு, நான் எடுத்துக் கொடுக்கவேண்டும். விமான நிலையத்தில்தான் வாய் திறந்தார்.

"நீ என்னைச் சபையிலை விழுத்திப்போட்டாய்."

"கோல் எடுக்கச் சொன்னது நீங்கள் அத்தான். நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை."

"பொய் சொல்லச் சொல்லி ஆர் கேட்டது?" என்றவர், தான் சொன்னது தனக்கே கேட்டமாதிரி நின்றார். பிறகு பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய வேட்பாளர் தோற்றுப்போனார். முதல்வர் இன்னும் முதல்வர்தான். அது அவருடைய தேர்தல் இல்லையே. எமேர்ஜென்சிக் கதவும் சனி, ஞாயிறுகளில் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறதாம். அக்காவிடம் இதைச் சொல்லி, என்ன பிரயோசனம் என்று ஒருநாள் கேட்டுப்பார்த்தேன்.

"பிரயோசனம் பாத்தோ மனிசர் கோபப்படுறது?" என்று என்மேல் பாய்ந்தா.

போன மாதம் மாகாணப் பாராளுமன்றத்துக்கு முன்னால் பராமரிப்பு வேலைக்காரர் எல்லாரும் சேர்ந்து நின்றார்களாம். அக்காவும் மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றா. எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். அத்தான்தான் காரில் கொண்டுபோய் இறக்கினாராம்.

"அத்தானும் இறங்கி நிண்டவரோ?"

"சீ. கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு காருக்குள்ளை இருந்தவர். றோட்டாலை போற கார்க்காரர் எல்லாம் எங்களைப் பாத்து ஹோர்ண் அடிச்சவை. இவரும் ஒருக்கா அடிச்சவர்."

"உண்மையாவோ?"

"கை தவறிப் பட்டதாம்" என்றா அக்கா.