வளப்பூர் நாட்டுக்கு ஒரு கார்டு

பிப்ரவரி 11, புதன்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். நல்ல பனி. அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, தார்ப்பாயை விலக்கி, காயப்போட்டிருந்த என் மிளகில் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு வெயில் வேண்டும். டைரியில் குறித்துக்கொண்டேன். 6.10-க்குக் காப்பி. 6.25-க்கு மெயில் பார்ப்பது.

வழக்கமாக 6.25-க்கு எனக்குக் கெடுதல் எதுவும் நடப்பதில்லை. அன்று நடந்தது.

ஜெர்மனியில் உள்ள ஒரு சோதனைக்கூடத்திலிருந்து நான்கு வரிக் கடிதம். 'உங்கள் மிளகின் மாதிரி வந்து சேர்ந்தது. சோதனைக் கட்டணத்தை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கார்டு மூலம் செலுத்தவும். தவறினால் மாதிரி அப்புறப்படுத்தப்படும்.'

அவர்களுக்கு நண்பகல் என்றால் நமக்கு மாலை நாலரை. கணக்குப் போட்டேன். ஐம்பத்தெட்டு மணி, ஐந்து நிமிடம்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கொல்லிமலையில் நானும், வளப்பூர் நாட்டு மிளகு விவசாயி சின்னக்கண்ணுவும் சேர்ந்து ஒரு சின்ன ஏற்றுமதித் தொழிலைத் தொடங்கியிருக்கிறோம். கொடியும் நிலமும் அவருடையவை. அதனால் பதிவு, லைசென்ஸ் எல்லாம் அவர் பெயரில். தரம் பிரிப்பது, கடிதம் எழுதுவது, கவலைப்படுவது — இந்த மூன்றும் என் இலாகா.

ஜெர்மனியில் ஒரு சிறிய மசாலாக் கடை நம் மிளகைக் கேட்டிருக்கிறது. அவர்கள் சொன்ன கூடத்தில் சோதனை தேறினால், சின்னக்கண்ணுவின் பதினோரு மூட்டையையும் எடுத்துக்கொள்வார்கள். அதை நம்பி, வழக்கமாக வாங்கும் அடிவார வியாபாரியிடம் அவர் 'இந்த வருசம் பொறுங்க' என்று சொல்லிவிட்டார். மூட்டைகள் அவர் வீட்டு உள்ளறையில். குடும்பம் மூன்று வாரமாகச் சமையலறையில் படுக்கிறது. வியாபாரியின் லாரி சனிக்கிழமை காலை வரும். அதை விட்டால் மாதக் கடைசியில்தான். அதற்குள் இந்தப் பனியில் மூட்டைக்குள் ஈரம் ஏறினால்?

சரி, கட்டணம்தானே, கட்டிவிடலாம் என்று தொழில் கணக்கின் கார்டை எடுத்தேன். மறுத்தது. இன்னொரு முறை போட்டேன். மறுபடியும் மறுத்தது.

செம்மேட்டில் பேங்க் திறக்கும்போது வாசலில் நின்ற முதல் ஆள் நான்தான். அதிகாரி பொறுமையானவர். "இது உள்நாட்டுக் கார்டுங்க மேடம். வெளிநாட்டுக்குச் செல்லாது. கிரெடிட் கார்டு வேணும்னா மூணு வருச வருமான வரிக் கணக்கு கொடுங்க, ரெண்டு வாரத்துல வரும்."

எங்கள் தொழிலுக்கு வயது ஏழு மாதம்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே செல்வராஜுக்குப் போன் போட்டேன். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். கோழிப்பண்ணை இயந்திரங்களுக்கு உதிரி பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கிறவர்.

"ஏனுங்க்கா, இதுக்குப் போயி பேங்கு வாசல்ல நின்னீங்களா? விர்ச்சுவல் கார்டு வாங்கிக்குங்க. நான் அதுலதான் ஓட்டிக்கிட்டு இருக்கறேன்."

"அது எப்படி இருக்கும்?"

"இருக்காதுங்க. அதான் அதோட விசேஷமே."

அவர் சொன்னதை அப்படியே டைரியில் எழுதிக்கொண்டேன். பிளாஸ்டிக் அட்டை கிடையாது. போனில் பதினாறு இலக்க எண், முடியும் மாதம், வழக்கமாக அட்டையின் பின்புறம் இருக்கும் மூன்று இலக்கம் மட்டும் வரும். நாம் போட்ட பணத்துக்கு மேல் ஒரு பைசா போகாது. வேண்டாதபோது பூட்டிவைக்கலாம். ஆண்டுக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுப் பணமாக மாற்றப் பிடிக்கும் கட்டணமும் பேங்க் கார்டைவிடக் குறைவு. ஆனால், எவ்வளவு என்று முதலிலேயே படித்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கார்டை, முகம் தெரியாத ஒரு கம்பெனியிடம் வாங்கி, பார்த்திராத ஓர் ஊருக்குப் பணம் கட்டுவதா? கம்பெனிக்கு உரிமம் இருக்கிறதா என்று அன்று மாலை வரை தேடித் தேடிப் பார்த்தேன். இருந்தது. இருந்தும் மறுபடி ஒரு முறை தேடினேன்.

வியாழன் காலை ஒன்பது மணி பஸ்ஸில் சின்னக்கண்ணுவும் அவர் மனைவி ராசாத்தியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விண்ணப்பம் அவர் பெயரில் அல்லவா? ஆப் என் போனில். ஆனால் ஓ.டி.பி. அவர் எண்ணுக்கு வரும். அவர் சிம்முக்கு என் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கொல்லையில் உள்ள பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு காட்டும். ராசாத்தி போனோடு பாறையில் ஏறினார்.

ஆப்பில் தமிழும் இருந்தது. 'நானே அடிக்கறனுங்க்கா' என்று சின்னக்கண்ணு ஆசையாகப் போனை வாங்கிக்கொண்டார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு.

"கடைசிப் பெயர்னு கேக்குதுங்க."

"இன்ஷியல் போடுங்க."

"அது முன்னாடியில்ல வரும்? எனக்கு மொதலும் சின்னக்கண்ணுதான், கடைசியும் சின்னக்கண்ணுதான்."

பான் கார்டைப் பார்த்து அதில் உள்ளபடியே போடவைத்தேன். அடுத்தது முகச் சரிபார்ப்பு. 'கண்ணைச் சிமிட்டவும்' என்றது போன். சிமிட்டினார். 'முகம் தெளிவாக இல்லை' என்றது. இன்னும் பலமாகச் சிமிட்டினார். 'முகம் தெளிவாக இல்லை.'

பாறை மேலிருந்து ராசாத்தி கத்தினார். "இருபத்தஞ்சு வருசமா பாக்கறேன், எனக்கே தெளிவில்ல. போனுக்கா தெரியப்போவுது?"

நாலாவது முறை ஏற்றுக்கொண்டது. அனுப்பும் முன் போனை வாங்கி, ஒவ்வொரு வரியையும் டைரியில் நகல் எடுத்துச் சரிபார்த்தேன். பெயர், பான் எண், கதவு எண், ஊர், பின்கோடு. ஒரு முறை மேலிருந்து கீழ். ஒரு முறை கீழிருந்து மேல். இரண்டு முறையும் எல்லாம் சரி. 11.20-க்கு அனுப்பினோம்.

'பரிசீலனையில் உள்ளது.'

அன்று முழுக்க அதே வரிதான். மிளகைக் கிளறினேன், பார்த்தேன். சாப்பிட்டேன், பார்த்தேன். என் கணவர், "பாக்கப் பாக்கத் தேய்ஞ்சு போயிரும்" என்றார். அவருக்கென்ன... மூட்டைகளை நிறுத்திவைக்கச் சொன்னது அவரா?

வெள்ளி காலை 9.50. பதில் வந்தது.

'மன்னிக்கவும். உங்கள் நாட்டில் எங்கள் சேவை வழங்கப்படுவதில்லை.'

சின்னக்கண்ணுவும் ராசாத்தியும் அப்போதுதான் பஸ் இறங்கி உள்ளே வந்திருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"மலைக்காரங்களுக்குக் கிடையாதுங்கறானா?"

"அப்படி இருக்காதுங்க..."

"அப்படித்தானுங்க்கா எழுதியிருக்குது. வியாபாரி சொன்னது சரிதான். கீழ இருக்கறவன் மூலமாப் போனாத்தான் நம்ம சரக்குக்கு மதிப்பு." எழுந்துவிட்டார். "நாளைக்கு லாரியில ஏத்திர்றனுங்க. புள்ளைங்க மூணு வாரமா அடுப்படியில கெடக்குது."

நம்பச் சொன்னது நான். அவர் நம்பினார். இப்போது அந்த வியாபாரி முன்னால் போய்த் தலை குனிந்து நிற்கப் போகிறவர் அவர். எனக்கு என்ன நஷ்டம்? டைரியில் ஒரு பக்கம். அவ்வளவுதானே?

'அரை மணி நேரம் கொடுங்கள்' என்று கேட்டு உட்காரவைத்தேன். உதவி எண்ணைப் பிடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. 10.55-க்கு ஒரு பெண் குரல், நல்ல தமிழில். ஸ்பீக்கரில் போட்டேன். விண்ணப்பதாரர்தான் பேச வேண்டுமாம்.

"சார், உங்க அப்ளிகேஷனைத்தான் பாக்கறேன். எல்லா டாக்குமென்ட்டும் சரியா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம் சார். வளப்பூர் நாடு எந்தக் கண்டத்துல இருக்கு?"

சின்னக்கண்ணு சற்றும் தயங்கவில்லை.

"சேந்தமங்கலத்துக்கு மேலதானுங்க கண்ணு. பஸ்ஸு இருக்குது."

என் கை தானாக டைரியைப் புரட்டியது. நேற்றைய நகல். என் கையெழுத்து. ஏழாவது வரி.

நாடு: வளப்பூர் நாடு.

பட்டியலில் 'இந்தியா'வைத் தொட வேண்டிய இடத்தில் அவர் சொந்தமாகத் தட்டியிருக்கிறார். நாடு எது என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில், கோயில் வரியில் — எங்கும் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த அந்த வட்டாரம்தான். நான் வாழவந்தி நாடு, அவர் வளப்பூர் நாடு. நடுவில் பஸ் போகிறது. பாஸ்போர்ட் கேட்பதில்லை.

முதலில் சிரித்தவர் ராசாத்தி. "தனி நாடு வாங்கிட்டாருங்க! இனி ராஜா ஊட்டுச் சமையலறையிலதான் படுத்திருக்கறோம்னு சொல்லிக்கலாம்."

சின்னக்கண்ணுவும் சிரித்தார். அந்தப் பெண்ணும் அடக்க முடியாமல் சிரித்தது போனில் கேட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை பார்த்தவள் நான். தெரியாத எண்களை எல்லாம் விரல் வைத்துச் சரிபார்த்தேன். தெரிந்த சொல் வந்ததும் விரல் தானாகத் தாண்டிவிட்டது.

திருத்தி, மறுபடி சிமிட்டி, 11.40-க்கு அனுப்பினோம். "ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் ஆகும் மேடம்" என்றாள் அவள். நாலு மணி நேரம் என்றால் 3.40. எங்கள் கெடு 4.30.

சோறு வைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னக்கண்ணு வாசலில் என் மிளகைக் கிளறிக்கொண்டே இருந்தார். 2.00. 3.00. 3.40... ஒன்றும் இல்லை.

3.52. போன் சிணுங்கியது. கறுப்புச் சதுரம். அதில் பதினாறு இலக்கம், கீழே சின்னக்கண்ணுவின் பெயர். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இதுதானா?" என்றார். "இதுதான்" என்றேன். கட்டணத்தையும், அதற்குமேல் கொஞ்சமும் அதில் ஏற்றினேன்.

சோதனைக்கூடத்தின் பக்கத்தைத் திறந்தேன். முகவரியில் நாடு கேட்டது. மூன்று பேரும் ஒரே குரலில் "இந்தியா" என்றோம்.

4.09. ஓ.டி.பி. அனுப்பியாயிற்று என்றது திரை. ராசாத்தி பாறைக்கு ஓடினார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும்.

"வரலீங்க்கா!"

மூன்று நிமிடம் ஆனது. அந்த எண் காலாவதியானது. மறுபடி கேட்டேன். 4.14.

"வந்துருச்சு! எழுதிக்குங்க! நாலு... ஏழு..."

ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இதே பத்தியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்? அன்று எங்கள் ஆறு இலக்கத்தையும் வாழவந்தி நாடு முழுக்கக் கேட்டிருக்கும். நல்லவேளை, மூன்று நிமிடத்தில் செத்துப்போகிற எண்.

4.17. பச்சை நிற டிக். ரசீது. கெடுவுக்குப் பதின்மூன்று நிமிடம் முன்பாக. கார்டை உடனே பூட்டினேன்.

இத்துடன் முடிந்ததா? முடியவில்லை. சோதனை முடிவு வர எட்டு வேலை நாள் ஆகும். லாரி வருவது மறுநாள். சின்னக்கண்ணு பாறை மேல் ஏறி வியாபாரிக்குப் போன் செய்தார். 'நாளைக்கு லாரி வேண்டாமுங்க' என்றார். அந்தப் பக்கத்துக் குரல் பாறைக்குக் கீழே நின்ற எனக்கும் கேட்டது.

"ஏப்பா, வெள்ளைக்காரன் மலையேறி வந்து உன் மூட்டையத் தூக்கப் போறானா? பூஞ்சை புடிச்சதும் வருவே. வா, வா."

சின்னக்கண்ணு கீழே இறங்கி வந்தார். "தார்ப்பாய் இன்னொண்ணு இருந்தாக் குடுங்க்கா. மூட்டைக்கு அடியில போட்டுக்கறேன்" என்றார். கொடுத்தேன். ஐந்தரை பஸ்ஸில் இருவரும் போனார்கள்.

இதை எழுதும்போதும் முடிவு வரவில்லை. ஆப் வழியாகக் கார்டு கேட்கப் போகிற சிறுதொழில்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வரியை, யோசிக்காமலே பதில் சொல்லிவிடக்கூடிய வரியை — அதை மூன்றாவது முறையும் படியுங்கள்.

பிப்ரவரி 14, சனிக்கிழமை. 5.40-க்கு எழுந்தேன். வெந்நீர் வைக்கவில்லை, மிளகைத் தொடவில்லை. டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் பெயர், கதவு எண், ஊர், வாழவந்தி நாடு, பின்கோடு. பேனாவை எடுத்து, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். இந்தியா.

எதற்கும் இருக்கட்டும்.