ரெண்டு சீட்டு வண்டியின் டேப்

கனகத்தை யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவளும் நானும் பல வருஷம் சேர்ந்து சோறு வடித்தவர்கள். முட்டி தேய்ந்துபோய் நான் வேலையை விட்டேன். அவள் இன்னும் வடிக்கிறாள். விடியும் முன்னே கிளம்பிப் போய், மதியத்துக்கு மேல் கையெல்லாம் ஆவி பட்டுச் சிவந்து திரும்புவாள். அதுவரை அவள் மகள் மதிவதனியை நான்தான் பார்த்துக்கொள்வேன்.

மதிவதனிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பேச்சு கிடையாது. காது நன்றாகக் கேட்கும், கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள். "பைத்தியமா?" என்று கேட்டவர்களுக்கு என் வாயில் இருந்து என்ன கிடைத்தது என்று இந்தத் தெருவுக்கே தெரியும்.

அவளை அடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள் அப்பா சிவசங்கர். ரேஸ் டிராக் பக்கம் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தான். யாரோ பெரிய இடத்துப் பையன் இடித்துப் போட்டுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக்கு இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து உயிர் கொடுத்தான். துணிக்கூரை, ரெண்டே ரெண்டு சீட்டு. வண்டியோடு வந்த ஒரிஜினல் ஸ்டீரியோ மட்டும் அப்படியே இருந்தது. கேசட் போடுகிற வகை. நாங்கள் டேப் என்றுதான் சொல்வோம். தினமும் சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேப்பைப் போட்டுக்கொண்டு தண்டலம் வரை போய் வருவான். திரும்பி வரும்போது அந்தப் பெண் பச்சைக்குழந்தை மாதிரி இறங்கி வரும், சாப்பிடும், தூங்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டிலேயே விழுந்துவிட்டான். பாவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை. வண்டி ஓட்ட ஆள் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் மதிவதனி தானே போய் அவள் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். கனகம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு அவளே டேப்பைப் போட்டு, நின்ற வண்டியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். வெளியே நிற்கிற எங்களுக்குப் பாட்டு முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கனகம் குளிப்பாள்.

அந்த டேப் திடீரென்று நின்றுபோனது. விளக்கு எரிந்தது, கேசட் சுற்றவில்லை.

முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் நெற்றி புடைத்துப் பிளந்தது. செல்போனில் அதே பாட்டைத் தேடிப் போட்டுக் காட்டினோம், போனைச் சுவரில் விட்டெறிந்தாள். கனகம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், வேலைக்குப் போகவில்லை. வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகக் கேன்டீன் கான்ட்ராக்டர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

கனகத்தின் அண்ணன் பரசுராமன் வந்தார். நல்ல மனுஷன்தான், அவசரக்காரர். "புதுசு போட்டுர்லாம் கனகம், எதுக்கு மண்டைய ஒடச்சிக்கினு கீற?" என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையிலிருந்து ஆளைக் கூட்டி வந்து, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலர் கலராக மின்னுகிற ஸ்கிரீன் செட் ஒன்றை மாட்டினார். மதிவதனி உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியாலேயே அதை முட்டினாள்.

ரத்தத்தைப் பார்த்ததும் பரசுராமன் ஆடிப்போய்விட்டார். அன்றைக்கே செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற ஒரு காப்பகத்துக்குப் பேசிவிட்டார். "திங்கக்கெழம வண்டி வரும். நீ வேலைக்குப் போவணும், அது உயிரோட இருக்கணும். ரெண்டும் இங்க நடக்காது." காப்பகத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள், ஓயாத சத்தம். அங்கே இந்தப் பெண் என்ன ஆகும் என்று கனகத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புது செட் மாட்டினால் பழையதைக் கடைக்காரனே எடுத்துக்கொண்டு போவது இந்தப் பக்கத்து வழக்கம். மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய் இறங்கினேன்.

"அது காயலான் கடைக்கு மூட்ட கட்டுன சரக்கும்மா," என்றான் கடைக்காரன்.

"போயிடுச்சா, போவப்போவுதா?"

"ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"கத்துறனா? இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லடா கண்ணு. மூட்டையைப் பிரி."

பிரித்தான். கோணியின் அடியில் கிடந்தது. புடவை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எங்கள் தெருக்கோடி வாடகை ரூமில் இசக்கிதுரை என்று ஒரு பையன் இருக்கிறான். திருநெல்வேலிக்காரன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. பழைய டேப், ஸ்பீக்கர் என்றால் ஷிப்டு முடிந்து வந்த களைப்பெல்லாம் பறந்துவிடும். செட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கேசட்டச் சுத்துற பெல்ட் அந்துபோய் கெடக்கு யக்கா. வேற ஒண்ணும் இல்ல. புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்," என்றான். கனகம் அவன் காலிலேயே விழப்போனாள். அவன் பதறி எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து மாட்டினான். புது பெல்ட். ஹெட்டைத் துடைத்து, தூசியெல்லாம் ஊதி, ஸ்பீடையும் சரி பார்த்துச் செட் பண்ணியிருந்தான். கம்பெனியில் எதையும் அளவுப்படி வைத்தே பழகின கை. கேசட்டைப் போட்டான். பாட்டு கணீரென்று வந்தது. கனகம் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இந்த மாதிரி தெளிவாக அந்த டேப் பாடி நாங்கள் கேட்டதே இல்லை.

மதிவதனியைக் கூட்டி வந்து உட்காரவைத்தோம். டேப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, சத்தியமாக மலர்ந்தது. ஆட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம்தான். ஆட்டம் நின்றது. டேப்பையே முறைத்துப் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், கறிக்கடை ஆடுகூட அப்படிக் கத்தாது. டேஷ்போர்டில் தலையைப் போட்டு மோதினாள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை.

"பாத்தியா? டேப்பும் வந்துச்சி, இன்னா ஆச்சி?" என்றார் பரசுராமன். "மனச தேத்திக்கோ கனகம். துணியெல்லாம் எடுத்து வை."

கனகம் எழுந்து உள்ளே போனாள். ஒரு பையை எடுத்து மகளின் நைட்டி, பாவாடை, நெற்றிக்குப் போடுகிற மருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாளவில்லை. "அடியே, அழுது தொலையேன்டி!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தச் சாமி என்று ஒன்று இருந்தால் அதுவும் அன்றைக்குச் செகண்ட் ஷிப்டு போலிருக்கிறது.

வெளியே இசக்கிதுரை மட்டும் போகாமல் வண்டிப் பக்கத்திலேயே நின்றான். பிள்ளைக்கு முகம் செத்துப்போயிருந்தது. மதிவதனி கத்திக் களைத்து மறுபடி ஆடிக்கொண்டிருந்தாள். டேப் அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தவன் திடீரென்று, "யக்கா, இங்க வாங்க!" என்று கூப்பிட்டான்.

கனகம் பையோடு வெளியே வந்தாள்.

"பாட்டு முன்னால போவுது, இவ பின்னால ஆடுதா. பாத்தீங்களா? ரெண்டும் சேர மாட்டேங்கு. இந்த டேப் முன்னாடி மெதுவாப் பாடுமா?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்?" என்றாள் கனகம். "ரெண்டு சீட்டு வண்டி. ஒரு நாளும் நான் அதுல ஒக்காந்ததே இல்லியே."

நானும் உட்கார்ந்ததில்லை. பரசுராமனும் இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அப்பனும் மகளும் என்ன கேட்டார்கள் என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான், அவன் இல்லை. இருக்கிறவளுக்கோ வாய் இல்லை.

"அப்போ இவகிட்டயே கேட்டுருவோம்," என்றான் இசக்கிதுரை.

செட்டை ஒயரோடு வெளியே இழுத்து மூடியைக் கழற்றினான். உள்ளே மோட்டார் முதுகில் சின்னதாக ஒரு ஓட்டை, அதற்குள் ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற திருகு. வண்டிக் கதவோரம் மண்டி போட்டு, மெல்லிய ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு, நூல் அளவு திருப்பினான். பாட்டு கொஞ்சம் தளர்ந்தது. மதிவதனி கத்தினாள். இன்னும் நூல் அளவு. அவன் தோளில் பலமாக ஓர் அடி விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. பாடுகிறவரின் குரல் கனத்து, இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி ஆனது.

"போதும்பா, பாட்டே கெட்டுப்போவுது," என்றார் பரசுராமன்.

"சும்மா இருங்கய்யா நீங்க!" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

இசக்கிதுரை இன்னும் கொஞ்சம் திருப்பினான். அப்போது மதிவதனியின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அடிக்கவில்லை, கிள்ளவில்லை. பிடித்து நிறுத்தியது. அவன் கையை எடுத்ததும் அவளும் விட்டுவிட்டாள். சீட்டில் சாய்ந்து ஆடத் தொடங்கினாள். பாட்டும் அவளும் ஒன்றாகப் போனார்கள். பாட்டு முடிந்து அடுத்தது வந்தது, அதற்கும் ஆடினாள். பிளந்த நெற்றியோடு அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பரசுராமன் தெருப்பக்கம் போய்ப் போனை எடுத்தார். "நாளைக்கு வண்டி அனுப்பாதீங்க சார்... இல்ல சார், வேணாம்," என்று சொல்வது கேட்டது.

இசக்கிதுரை எழுந்திருக்கவில்லை. மண்டி போட்டபடியே தலையைக் குனிந்துகொண்டான். "யக்கா, ஒண்ணு சொல்லணும். மொதல்ல தொறந்தப்ப அந்த ஓட்டை மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சு அடச்சிருந்துச்சு. திருகு நகரக்கூடாதுன்னா நாங்க அப்படித்தான் செய்வோம். ஸ்பீடு வேற ரொம்பக் கம்மியா இருந்துச்சா, எவனோ தெரியாதவன் பார்த்த வேலைன்னு நெனச்சு சொரண்டி எடுத்துட்டேன்."

"இன்னா கலரு?" என்றாள் கனகம்.

"செவப்பு."

கனகம் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். மகளுக்குச் சிவப்பு நகப்பூச்சு போட்டுவிடுவது சிவசங்கர்தான், வேறு யாரையும் அவள் விடமாட்டாள். வண்டியில் ஒரு போல்ட் ஆடினால்கூடப் பொறுக்காத மனுஷன், மகளுக்காக அந்தப் பாட்டை மெதுவாக்கி, அந்த வேகத்திலேயே பூட்டி வைத்திருக்கிறான்.

கனகம் கார்க் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைப் பார்த்து ஓவென்று அலறினாள்.

"யோவ், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாய்யா!"