கைநாட்டுக் காகிதக்காரர்

எங்கள் அப்பா சிலுவைமுத்து திண்டுக்கல் தெருக்களில் சாக்கும் தராசுமாய் அலைந்து பழைய காகிதம் வாங்கியவர். செய்தித்தாள் மளிகைக்கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகும். கடிதங்களை மட்டும் கடைக்குப் போடமாட்டார். நம் வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்குப் புளி மடித்துப் போனால் யார்தான் பொறுப்பார்கள்? அவை நேராக அட்டை மில்லுக்குப் போய்க் கூழாகிவிடும்.

ஊர் அவரை நம்பியதற்கு இன்னொரு காரணம், அவர் கைநாட்டு என்பது. "அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாதுடி" என்று சொல்லியே பெண்கள் கம்பியில் குத்திவைத்த கடிதங்களை உருவிக் கொடுப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார் மனிதர்! கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். கண்ணில் பட்டது எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது, எங்கள் அடுப்பும் எரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், எழுதப் படிக்கத் தெரியாத மூக்காயி அம்மாள், புருஷன் செத்த மறுமாதம் அவருடைய பெட்டியைக் காலி செய்து எடைக்குப் போட்டார். தகப்பனோடு சண்டை போட்டு ஓடிப்போன மகன் உடையப்பன் ஒரு வரி எழுதவில்லையே என்று ஆறு வருஷமாகப் புலம்பியவர் அவர். காகிதம் பிரிக்கும்போது அப்பா கையில் ஒரு நீல இன்லண்ட் கடிதம் அகப்பட்டது. உடையப்பன் எழுதியது. தகப்பன் படித்துவிட்டு ஒளித்துவைத்திருக்கிறார்.

அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கடிதத்தோடு போய் நின்றார்.

"ஆத்தா, இது வேணுமான்னு பாருங்க."

"குப்பையப் போயித் திருப்பிக் கொண்டாந்திருக்கியே! எடுத்துட்டுப் போலே."

வேறு வழியில்லை. அப்பா குரலைத் தணித்து வாசித்தார். "ஆத்தாவப் பாக்கணும்போல இருக்கு. அய்யாவுக்குக் கோவம் தீந்துச்சான்னு ஒரு வரி எழுதுங்க. பதில் வந்தா வாரேன்."

மூக்காயி அம்மாள் கடிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு அப்பாவையே பார்த்தார். அப்பா மெல்லப் படியிறங்கப் பார்த்தார்.

"பதிலயும் நீயே எழுதிரு" என்றார் அந்த அம்மாள்.

பத்தாம் நாள் உடையப்பன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினான். கடிதத்தை யார் வாசித்தது என்று தெருவே கேட்டது. தபால்காரர் என்று சொல்லிவிட்டார் மூக்காயி அம்மாள்.

அடுத்த வாரம் அப்பா தயங்கித் தயங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். மூக்காயி அம்மாள் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஏலே, கைநாட்டுப் பயலே! இம்புட்டு வயசாச்சு, ஒரு எழுத்தாச்சும் படிச்சியா? வா, பேப்பரு கெடக்கு!"

தெரு சிரித்தது. அப்பா குனிந்து தராசைத் தூக்கினார். கண் நிறைந்து முள் தெரியவில்லை. அன்றைக்கு எடை தப்பாகத்தான் போட்டிருப்பார்.