செங்கோணத்தில் வராத எலெக்ட்ரான்கள்

இரண்டு துகள்கள் மோதினால் எந்தப் பக்கம், எவ்வளவு சிதறும் என்று குவாண்டம் புலக் கோட்பாட்டை வைத்துக் கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. ஒப்பந்த வேலை. வருடா வருடம் நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் மூட்டை முடிச்சோடு அக்கா வீடுதான்.

அந்த வருடம் அவளுக்கு வந்த விடை பூஜ்யம். ஒரே பக்கம் சுழலும் இரண்டு எலெக்ட்ரான்கள் நேருக்கு நேர் மெதுவாக மோதினால், வந்த திசைக்குச் செங்கோணத்தில் ஒன்றுகூட வராது. எது இது, எது அது என்று பிரிக்கவே முடியாத இரட்டையர் அவை. அதனால் இது இந்தப் பக்கம் அது அந்தப் பக்கம், அல்லது இரண்டும் இடம் மாறி, என்று சிதறும் இரண்டு வழிகளையும் கூட்டக்கூடாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். செங்கோணத்தில் இரண்டும் சமம், மிச்சமில்லை. நுண்ணிய திருத்தங்களைச் சேர்த்தால் கொஞ்சமாவது வரும் என்று ஆய்வுக்கூடத்தில் நம்பினார்கள். அளக்கிற அளவுக்கு வராது என்றாள் இவள்.

செங்கோணத்தில் வைத்திருந்த எண்ணும் கருவியும் பூஜ்யமே காட்டியது. சந்தோஷப்பட வேண்டியவள் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். கருவி செத்துக் கிடந்தாலும் பூஜ்யம்தானே காட்டும்?

குழுத் தலைவருக்கும் அதே சந்தேகம். மோதல் நடக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்து உள்ளே கருவியைப் பார்த்துவிடலாம் என்றார். திறந்தால் காற்று புகுந்துவிடும், மறுபடி வெற்றிடமாக்க மாதக்கணக்காகும். அதற்குள் அவள் ஒப்பந்தம் முடிந்துவிடும். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் எழுந்தாள்.

"திறக்காதீங்க சார். ஒரு எலெக்ட்ரான் கற்றையோட சுழற்சியை மட்டும் திருப்பி விடுங்க. அப்போ எது எதுன்னு தெரிஞ்சிடும், கழிக்க வேண்டாம். கருவி நல்லா இருந்தா எண்ணிக்கை வரணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நீங்க திறங்க. நான் தடுக்க மாட்டேன்."

கற்றையைச் சீராக்க மதியமாகிவிட்டது. கட்டுப்பாட்டறை மூலையில் உட்கார்ந்து, நூறு தரம் பார்த்த கழித்தல் குறியை மனதுக்குள் இன்னொரு தரம் பார்த்தாள். கூட்டலாக இருந்திருந்தால்? அக்கா போனில் அழைத்தாள், எடுக்கவில்லை.

திரையில் ஓர் எண் விழுந்தது. பிறகு இன்னொன்று, பிறகு சரசரவென்று. தலைவர் சுழற்சியைப் பழையபடி திருப்பச் சொன்னார். எண்ணிக்கை நின்றது.

"கலத்தைத் தொட வேண்டாம்" என்றார் பணியாளர்களிடம்.

அவள் கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். ஒப்பந்தத்தை அரை வருடம் நீட்டித்தார்கள், அவ்வளவுதான். அக்காவிடம் சொன்னபோது, "அப்போ அந்த அரை வருஷமாவது வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள்.