மூன்று விரல் செம்புக் குழாய்

அந்தச் செம்புக் குழாய்த் துண்டு இப்போது என் மேசை லாச்சியில் கிடக்கிறது. மூன்று விரல் அகலம்தான் இருக்கும். போன வருஷம் மச்சான் இறந்த பிறகு அலுமாரியை ஒதுக்கிய அக்கா, "ஒங்க மச்சான் இத ஏன் வச்சிருந்தாருன்னு ஒனக்குத்தான் தெரியும், நீயே வச்சிக்க" என்று என் கையில் கொடுத்தாள். தெரியும்தான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

மச்சான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். கண்டி டவுனில் துணிக்கடை போட்டு, பழைய கார் ஒன்றை வாங்கினார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் கார் அதுதான். "எம் மக கல்யாணத்துக்கு வாடகைக் கார்ல போகக் கூடாது. நான் ஓட்டித்தான் கொண்டுபோய் எறக்குவேன்" என்று அவள் பள்ளிக்கூடம் போகும்போதே சொல்லத் தொடங்கியவர். கேட்டுக் கேட்டு எங்களுக்கே சலித்துப்போனது.

கல்யாணம் முடிவானதோ, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில். அந்த நேரம் பார்த்து, காரின் பெற்றோல் தாங்கிக்குள் இருந்து பெற்றோலைத் தள்ளும் மின்சாரப் பம்பு எரிந்துபோனது. புதிய சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத நேரம் அது. அக்குறணையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சேர்ந்து ஓடி உறிஞ்சும் பழைய பம்பையும் காபரேட்டரையும் மாட்டிவிடலாம் என்றார். மாட்டியும் விட்டார். தாங்கியில் மின்சாரப் பம்பு இருந்த இடத்தில், பெற்றோலை உறிஞ்ச ஒரு செம்புக் குழாயை இறக்க வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு என்பதில்தான் பேச்சு வந்தது.

நானா அடிவரைக்கும் விட நினைத்தார். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. போத்தலில் விற்ற கள்ளப் பெற்றோலை ஊற்றி ஊற்றித் தாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருந்தன. அதை உறிஞ்சினால் நடுவழியில் அடைத்துக்கொள்ளும் என்று பயந்தார். தன் மூன்று விரலைச் சேர்த்துக் குழாயில் வைத்து, "இவ்வளவு வெட்டிருங்க" என்றார். "தாங்கி நெறஞ்சிருந்தா பரவால்ல. கொறஞ்சா மேட்டுல பெற்றோல் பின்னுக்குப் போயிரும், குழாய் காத்தத்தான் இழுக்கும்" என்றார் நானா. பிறகு அவரே, "எப்பிடி வச்சாலும் ஒரு தொல்லதான்" என்று வெட்டிக் கொடுத்தார். மச்சான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் மடத்தனமாக எதையும் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கார் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் கல்யாணப் பத்திரிகையையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பேராதனை, மாத்தளை என்று சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். போனில் சொன்னால் போதாதா என்றேன். "வீடு தேடிப் போய் அழைச்சாத்தான் மரியாத, மாப்ள." பங்கீட்டுப் பெற்றோலில் பெரும்பகுதி அந்த மரியாதையிலேயே போனது.

மண்டபம் அம்பிட்டிய மேட்டில். கல்யாணத்தன்று மணப்பெண்ணும் அக்காவும் பின்னால், நான் முன்னால் மச்சான் பக்கத்தில். ஏற்றத்தில் பாதி போனதும் கார் இருமி நின்றது. பின்னோக்கி உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்தால் உடனே ஸ்டார்ட் ஆனது. மறுபடி ஏறினால் மறுபடி நின்றது. முகூர்த்தம் நெருங்கியது. பின்னால் வந்த ஓட்டோவில் எங்களை ஏற்றிவிட்டு, "நீங்க போங்க, ஸ்டார்ட் ஆகுது பாருங்க, இந்தா பின்னாலயே வந்துர்றேன்" என்றார். அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டார்.

சமதரையில் ஒவ்வொரு தடவையும் அது ஸ்டார்ட் ஆனதே, அதுதான் அவரைக் கெடுத்தது. அடியோடு செத்துப்போயிருந்தால் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார். ஐயர் இனிமேல் பொறுக்க முடியாது என்றார். மச்சானுக்கும் அக்காவுக்கும் பதிலாக நானும் என் மனைவியும் நின்று தாரை வார்த்தோம். மணப்பெண்ணின் கை என் கைக்குள் இருந்தது, கண் வாசலிலேயே இருந்தது. மச்சான் சட்டையெல்லாம் பெற்றோல் நாற்றத்தோடு நடந்தே வந்து சேர்ந்தபோது தாலி ஏறியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து நானாவிடம் அடிவரைக்கும் நீளமான குழாய் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனார். தாங்கியில் அன்றைக்குப் போலவே கொஞ்சம்தான் இருந்தது. கார் ஒரு தடவைகூட இருமவில்லை. பூட்டிக் கிடந்த மண்டபத்தின் முன்னால் நிறுத்தி, "ஏறிருச்சு மாப்ள" என்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மச்சானின் மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். நேற்று லாச்சியைத் திறந்தபோது, அந்தக் குழாய்த் துண்டின்மேல் என் மூன்று விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். என் விரல்களுக்கு அது கொஞ்சம் நீளம். மச்சானுக்குப் பெரிய கை. அந்தக் கைதான் அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.