ஜம்புலிங்கம் ஒட்டிய கண்ணாடி

திருத்தணி மலையடியில் எழுபதுகளில் எழும்பிய வீடுகளில் பாதி என் கரண்டி பட்டவை. மூன்றாம் வகுப்போடு நின்று, மண் சுமந்து, மேஸ்திரி ஆனவன் நான். அப்படியிருந்தும் ஊர் எழுந்து நின்றது ஜம்புலிங்கத்துக்குத்தான். அது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அவர் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். அரக்கோணத்தில் ரயில்வே பாலங்களைப் பார்க்கும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டட வழக்கென்றால் நிபுணர் சாட்சி அவர்தான். ஒரு செங்கல்லைக் கையால் வைத்ததில்லை. ஆனால் அவர் கூண்டேறினால் நீதிபதி பேனாவைத் திறப்பார். நான் ஏறியபோது மூடியேதான் இருந்தது.

1978இல் வந்தது கோமளவல்லி வழக்கு. அம்மையார்குப்பத்தில் அந்த அம்மாளுக்கு நாலு விசைத்தறி; பிழைப்பே அதுதான். தறி அதிர்ந்து தன் சுவர் வெடித்துவிட்டது, தறியை நிறுத்த வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் வழக்குப் போட்டார். சுவர் நான் கட்டியது. தறிதான் காரணம், அஸ்திவாரம் நாலு அடி என்று சாட்சி சொன்னேன். என் சுவர் தானாக வெடித்தது என்றால் பிறகு யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

ஜம்புலிங்கம் சுவரைப் பார்க்க வந்தார். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதினார்.

"இன்னா சார், சொவத்துக்குப் பொட்டு வெச்சுகினு கீறீங்க?" என்றேன். கூட்டம் சிரித்தது.

"வெடிப்பு நவுந்தா கண்ணாடி ஒடையும் மேஸ்திரி. எனக்கு இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. அது சொல்லட்டும்."

இரண்டு மாதம் தறி ஓடியது. கண்ணாடி அசையவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் காவடியோடு மலைக்கு வந்தார்கள். திருவிழா நடந்த ஐந்து நாளும் மழை. தறி நின்ற அன்று வந்து கண்ணாடி முழுசாக இருப்பதைப் பார்த்த ஜம்புலிங்கம், மறுபடி ஓடும் முன்பும் வந்தார். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"தறி மேல தப்பு இல்லீங்க. களிமண்ணு தண்ணி குடிச்சு உப்புது, சொவரைத் தூக்குது" என்றார் கூண்டில்.

"அப்போ மேஸ்திரி ஆழமா அஸ்திவாரம் போடலை?" என்று கேட்டார் கோமளவல்லியின் வக்கீல். நான் ஜம்புலிங்கத்தின் வாயையே பார்த்தேன்.

"தோண்டிப் பாக்க வீட்டுக்காரர் வுடலை. பாக்காததைச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாதுங்க."

வழக்கு தள்ளுபடி ஆனது, தறி ஓடியது. வெளியே வக்கீல் குமாஸ்தா பரந்தாமன், "தெரியாதுன்னு சொல்லியே ஜெயிச்சிட்டாரு மனுசன்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் தெரியும் என்று சொன்ன என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜம்புலிங்கம் மட்டும் பார்த்தார். "வாங்க மேஸ்திரி, டீ சாப்புடலாம்."

"வாணாம் சார், வேலை கீது."

வேலை ஒன்றும் இல்லை. அஸ்திவாரம் இரண்டரை அடி. அவருக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை யாரிடம் சொல்லிப் பெருமைப்பட முடியும்?